இடம், நாள், கையொப்பம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்தான்
எங்கள் கடைக்கு வியாபாரம்.
சரக்கு ரயில், நாற்பத்திரண்டு பெட்டி,
நடுவில் நின்றுவிட்டால் இன்னும் நல்லது.
வெயிலுக்கு ஒதுங்குகிற சாக்கில்
ஆதார் நகல், சாதிச் சான்று நகல்,
பக்கம் இரண்டு ரூபாய்.

ஜூன் மாதம் பிள்ளைகள் வருவார்கள்
மார்க் ஷீட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு.
பெயர் சொல்வார்கள், அப்பா பெயர் சொல்வார்கள்.
அப்பாவின் தொழில் என்று வரும்போது
ரயிலைப் பார்ப்பார்கள்.
நான் 'கூலி' என்று தட்டிவிட்டு
அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன்.
எனக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

ஹேமநாதனுக்கு மீசை
ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தது.
ஐ.டி.ஐ. விண்ணப்பம். ஃபிட்டர்.
"ஏன்டா ஃபிட்டர்?"
"வாயில வந்துச்சுக்கா."
குரல் பாதியில் கிழிந்தது. இருமி மூடினான்.

கையெழுத்துப் போடச் சொன்னேன்.
நோட்டு அட்டையில் எழுதுவதுபோல
ஒவ்வொரு எழுத்தையும்
தனித்தனியாக உட்காரவைத்தான்.
அடுத்த தாளில் வேறு மாதிரி.
மூன்றாவதில் அவன் அப்பா போடுகிற சுழி.

"மூணும் ஒண்ணா இருக்கணும்டா,
இல்லன்னா திருப்பி அனுப்பிடுவான்."
"நான் ஒண்ணா இருந்தாதானக்கா
அது ஒண்ணா இருக்கும்?"

சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?
எனக்கே இருபத்துமூன்று,
கணக்கில் இரண்டு அரியர்,
வீட்டில் சொல்லாத ஒரு விஷயம்.
காலடியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது,
மிஷின் கடித்துத் துப்பியவை:
யாரோ ஒருவரின் வருமானச் சான்று,
யாரோ ஒருவரின் இறப்புச் சான்று,
மை சரிந்தது, கோணலாய் விழுந்தது.
எடுத்துப் போட்டேன்.
"பின்பக்கம் காலிதான். போட்டுப் பாரு."

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள்.
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் கத்தியது.
அவன் போகவில்லை.
'ஹே'வைப் பெரிதாக்கினான்,
'ம'வை நசுக்கினான்,
கடைசிப் புள்ளியைத்
தூரமாய்க் கொண்டுபோய் வைத்தான்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
தனியாக நிற்கிற ஆள்போல.
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது,
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
பதினேழாவது தாளில் நிமிர்ந்தான்.
நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

படிவத்தின் அடியில் இரண்டு வார்த்தை மிச்சம்.
நாள் போட்டுவிட்டான்.
"இடம்னு கேக்கறான். இன்னாக்கா போடறது?"

கால்வாய் ஓரத்து வீட்டை இடித்து
வருஷம் ஒன்றாகிறது.
ஊருக்கு வெளியே கொடுத்தது ஏழாவது மாடி.
அம்மா அங்கே.
இவன் இங்கே, சித்தி வீட்டு
மாடிப்படிக்குக் கீழே படுக்கிறான்,
இரண்டு கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

சென்னை என்று போட்டால் போதும்,
எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.
நான் வாய் திறப்பதற்குள்
'கேட் பக்கம்' என்று எழுதியிருந்தான்,
புதுக் கையெழுத்தின் அதே சாய்வில்.

தப்புதான்.
ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

சீட் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்,
பட்டியல் இன்னும் வரவில்லை.
நேற்று கேட் போட்டபோது வந்தான்,
ஒரு சாண் குள்ளமான பையன் ஒருவனைத்
தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு.
"அக்கா, இவனுக்குக் கையெழுத்தே இல்லக்கா.
அந்த வேஸ்ட் பேப்பர் இருந்தா குடு."