குடம், நாற்பத்தொன்று

கொழிஞ்சாம்பாறை வளாகத்து நாடக அரங்கின்
பழைய கோப்பு என் மேசைக்கு வந்தபோது
நாடாவில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது.
ஒப்பந்தக்காரர் காசிம் ராவுத்தர்.
தேக்குப் பலகை, ஆணி, வார்னிஷ்,
எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில்:
குடம் – 41.
ஓரத்தில் சிவப்பு மையில்
தணிக்கைக்காரர் கேட்டிருக்கிறார்:
எந்தினு?

யாரும் பதில் எழுதவில்லை.
பாதியைப் பிடித்துக்கொண்டு பில் பாஸாகியிருக்கிறது.

இங்கே காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
மலை விட்டுவைத்த சந்தில் ஆனியில் நுழைந்து
ஆவணி வரைக்கும் போகாத காற்று.
பனைகளெல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கமே சாய்ந்து நிற்கும்.
அறுபத்தேழில், திறப்பு விழா நாடகத்தில்,
ராஜா வாயசைத்தார், ஜன்னல்கள் பேசின.
மகனை மன்னித்தாரா கொன்றாரா என்று
மூன்றாம் வரிசைக்குப் பின்னால்
ஒருவருக்கும் தெரியாது.

அதன்பிறகு அங்கே நடந்தவை:
பரீட்சை. பரீட்சை. ஓட்டு எண்ணிக்கை.
சொட்டு மருந்து.
ஒரு ஆடி முழுக்க ரேஷன் அரிசி மூட்டை.
பதிவாளர் மகளின் கல்யாண வரவேற்பு,
அதற்கும் ஒரு தணிக்கைக் குறிப்பு உண்டு.
நாடகம் என்று எண்ணினால் பதினொன்று,
அதில் ஒன்று கரண்ட் போய்ப் பாதியில் நின்றது.
நாற்காலி எண்களைச் சண்டை போட்டுத் தீர்த்து
ஒரு வரிசை தமிழிலும் ஒரு வரிசை மலையாளத்திலும் எழுதினார்கள்.
வந்தவர்கள் இரண்டையும் படிக்காமல்
விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

போன மாசியில் மேடைப் பலகையைப் பிரித்தோம்.
கீழே மணலில், வாய் மேலே பார்க்க,
நாற்பத்தொன்றும் இருந்தன.
சிலவற்றில் பல்லி முட்டை,
ஒன்றில் யாரோ இடுக்கு வழியாய்ப் போட்ட பிட்டுக் காகிதம்,
ஒன்றில் ஐந்து பைசா.
எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒலிப் பொறியாளர் ஷெர்லி
முட்டி போட்டுத் தட்டிப் பார்த்தாள்.
பிரிப்பதற்கு முந்தின நாளே
மேடை நடுவில் ஒரு பலூனை உடைத்து அளந்திருந்தாள்:
எதிரொலி, இரண்டு புள்ளி எட்டு வினாடி.
குடங்களை வெளியே எடுத்து, பலகையைத் திரும்பப் பரப்பி,
இன்னொரு பலூன்.
இரண்டு புள்ளி எட்டு.

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.
ஐம்பத்தைந்து வருஷம்
இருட்டில் வாயைத் திறந்துகொண்டு
சும்மா இருந்திருக்கின்றன.
ராவுத்தருக்கு இது தெரியுமா?
ராஜா வேஷம் கட்டிய ஆள் வந்து
ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினாரா?
கோப்பில் இல்லை.

மறுநாள் மதியம்.
மால்டாக்காரன் தொபாஜுல் சாரத்திலிருந்து இறங்கி
ஒரு குடத்தைத் துண்டால் துடைத்தான்,
போனை ஸ்பீக்கரில் போட்டு உள்ளே இறக்கினான்.
அவன் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது.
பிறகு ஒரு பெண் பேசினாள்.
வங்காளம் தெரியாத எனக்கு,
கடைசி வரிசையில், தூக்குவாளியைத் திறந்தபடி இருந்த எனக்கு,
ஒரு சொல் விடாமல் கேட்டது.
அவன் குனிந்து, குடத்துக்குள் தலையை விட்டுப்
பதில் சொன்னான்.
ஷெர்லி மீட்டரை எடுக்கவில்லை. சோற்றுக் கை.

இப்போது சுவரெல்லாம் துளையிட்ட பலகை,
ஜன்னலுக்கு ரப்பர் விளிம்பு, நாற்காலிக்கு நீலத் துணி.
ஒன்று புள்ளி இரண்டு வினாடி.
இனி ராஜா யாரைக் கொன்றாலும் கேட்கும்.

மேடையை மூடுவதற்கு முன்
குடங்களை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.
எண்ணினால் நாற்பது.
தொபாஜுல் அதற்குள்
திருச்சூரில் வேறு வேலைக்குப் போயிருந்தான்.
வேலந்தாவளம் சந்தையில் ஒன்று வாங்கினேன்,
நூற்றிருபது ரூபாய், பேரம் பேசவில்லை.

பில்லின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்:
குடம் – 1.
ஓரத்தில், சிவப்பு மைக்கு,
கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.