இடது தோள்

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போக வேண்டும்.
திங்கள் முழுக்க எங்கோ ஒரு வீட்டைக் காலி செய்திருப்பார்கள்,
செவ்வாய் காலை அந்த வீடு கம்பியில் தொங்கும்.
மதியம் திரும்பினால் பீல் நகரத்து மாணவிகள் வந்து
தோல் சட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

ரயில் பாலத்துக்குப் பின்னால், பழைய கடிகாரத் தொழிற்சாலை.
கீழே அலுமாரிகள், கோப்பைகள், ஜோடியில்லாத ஒரு பனிச்சறுக்குக் கட்டை.
மேல்மாடியில் உடுப்பு.
புரொக்கி என்கிறோம் நாங்களும், இந்த ஊர்க்காரர் போலவே,
வளர்த்த பூனையைக் கூப்பிடுகிற குரலில்.

தவமலர் படியோடு நின்றுவிடுவாள்.
"செத்தவையின்ர உடுப்படி அது."
பொய்யில்லை.
ஆனால் அவள் குடியிருக்கிற வீடும் அப்படித்தான்,
இப்போது சாய்ந்து நிற்கிற கைப்பிடியும்.
இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

முதலில் கை. கண்ணுக்கு வேலை பிறகுதான்.
கம்பி நெடுக விரலை ஓடவிடுவேன்.
நைலோன், நைலோன், நைலோன்,
திடீரென்று கம்பளி:
சந்தை இரைச்சலில் தெரிந்த குரல் கேட்டதுபோல.

உள்ளே புரட்டிப் பார்.
தையலுக்கு அப்பால் ஒரு விரல் துணி விட்டிருந்தால்
தைத்தவர் நினைத்திருக்கிறார்,
இவள் ஒருநாள் பருப்பாள் என்று.
கக்கத்தை முகர்ந்து பார், வெட்கப்படாதே.
யன்னலுக்கு எதிரே பிடி. பூச்சி தின்ற இடமெல்லாம்
வெள்ளி பூத்த வானம் மாதிரித் தெரியும்.
அழகுதான். வாங்காதே.
அளவு எண்ணை நம்பாதே, அந்தக் காலத்து நாற்பத்திரண்டு
இந்தக் காலத்து முப்பத்தெட்டுக்கே இறுக்கும்.

இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவையறை எனக்கு.
துணி பொய் சொன்னால் கேட்டுவிடும்.

தொண்ணூற்றொன்றில், முகாமில்,
அட்டைப்பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்துத் தந்தார்கள்.
மஞ்சள் பனிச்சட்டை. முதுகில் ஒரு வங்கியின் பெயர்.
நன்றி சொன்னேன், அப்போது தெரிந்த ஒரே சொல் அது.
மூன்று குளிர்காலம் அந்த வங்கியைச் சுமந்து திரிந்தேன்.
அதில் எனக்குக் கணக்கு இருக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ,
பழையதை நானே தேடி, நானே வேண்டாமென்று
திரும்பத் தொங்கவிடுவதில் எனக்கு இத்தனை ருசி.
பத்துக்கு ஒன்பதைத் தொங்கவிட்டுவிட்டுத்தான் வருவேன்.

இன்றைக்கு ஒரு கோட்.
போத்தல் பச்சை. கழுத்தில் தையல்காரரின் சீட்டு,
பெயர் தேய்ந்து ஊர் மட்டும் மிச்சம்.
நான்கு பொத்தான் ஒரு சாதி, ஐந்தாவது வேறு.
போட்டேன்.

எந்தக் கடைச் சட்டையும் என் இடது தோளில்
ஒழுங்காக உட்கார்ந்ததில்லை, அந்தப் பக்கம் ஒரு விரல் இறக்கம்.
இது உட்கார்ந்தது.
கழற்றிப் புரட்டினேன். இடது தோளுக்குள் மட்டும்
இரண்டாவதாக ஒரு பஞ்சணை,
கையால், நெருக்கித் தைத்து, வெளியே தெரியாமல்.

அவளுக்கும்.
எதைத் தூக்கியோ, பால்வாளியோ, பிள்ளையோ,
அல்லது பிறக்கும்போதே அப்படியோ.
அளவெடுத்தவர் கேட்டிருக்க மாட்டார்.
குனிந்து, இன்னொரு தரம் நாடாவை வைத்து,
கொப்பியில் ஒரு இலக்கத்தைத் திருத்தியிருப்பார்.

திருமதி ஏபி முப்பத்தைந்து பிராங் என்றாள்.
ஐந்தாவது பொத்தானைக் காட்டினேன்.
கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்து, முப்பது என்றாள்.
தோளைக் காட்டவில்லை.

படியில் தவமலர் கோட்டின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.
"பூச்சி முட்டை மணக்குது."
விடவில்லை கையை.
"திரும்பு பாப்பம்."
திரும்பினேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, எங்கேயோ பார்த்தபடி,
"மேலை வேறையும் கிடக்கோ?"

மணி பன்னிரண்டரை.
மாணவிகள் எங்களைத் தாண்டிப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.