கிழக்குப் புள்ளியின் முறை

போன வருடம் மார்ச்சில்
மேற்குப் புள்ளி திடீரென்று பிரகாசித்தது.
ஒன்பது இரவு. பிறகு தணிந்துவிட்டது.
கிழக்குப் புள்ளி
ஒன்றும் அறியாததுபோல் இருந்தது.

இரண்டும் ஒன்றுதான்.
வேலையில் சேர்ந்த வாரமே சொல்லிவிட்டார்கள்:
ஒரே குவாசர்; நடுவில் ஒரு விண்மீன் மண்டலம்
தன் பாரத்தால் பாதையை வளைக்கிறது.
ஒரு வெளிச்சம் ஒதுங்கிச் சுற்றி வருகிறது.
மற்றது பள்ளத்தை ஒட்டித்
தயங்கித் தயங்கி,
நானூற்றுப் பதினொரு நாள் பிந்தி.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களுக்கு
இது பொருந்தாது. ஆனாலும்
அடகாமா வானத்தின் கீழே
சிகரெட் பிடிக்க வெளியே வரும்போதெல்லாம்
கணக்கு உதைக்கிறது:
இதில் எத்தனை பேர், எத்தனை தடவை?

இரவுச் சமையல்காரர் எவாரிஸ்தோ
பூசணி சூப்பை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.
"அப்படியென்றால் நாளை நடக்கப்போவது
உங்களுக்கு இன்றைக்கே தெரியும்."
தெரியும்.
"பிறகு எதற்கு விழித்திருக்கிறீர்கள்?"
சம்பளம், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அவருடைய தம்பி செப்புச் சுரங்கத்தில் போனபோது
கலாமாவுக்கு ரேடியோவில் செய்தி வந்தது,
மாலை ஆறு மணிக்கு.
அம்மா அழுதாள். அடக்கம் செய்தார்கள்.
கம்பெனியின் கடிதம்
பழைய விலாசத்துக்குப் போய், அரிக்காவுக்குப் போய்,
நாற்பதாம் நாள் கதவுக்கு வந்தது.
அவள் அதைப் பிரித்து
முதல்முறை கேட்பவளைப்போல்
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே சாவுதான், ரொசெந்தா.
அந்த இரண்டாவது அழுகை பொய்யா?"

வளைவின் கோணம் எனக்குத் தெரியும்,
எட்டு தசமத் தானம் வரை.
கரண்டியைச் சூப்பில் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரவு பதினொன்றரைக்குக் காற்று
நொடிக்குப் பதினெட்டு மீட்டரைத் தாண்டியது.
அதற்கு மேல் போனால் மூடவேண்டும்;
விதி அதுதான்.
இரும்பு இமை கிறீச்சிட்டு இறங்கியது.

மேலே,
பூமி உருவாவதற்கு முன்பே புறப்பட்ட சேதி
பூட்டிய வீட்டு வாசலில்
வந்து சேர்ந்துகொண்டிருந்தது.
எவாரிஸ்தோ கையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றார்.
தகரத்தில் மணல் அறையும் சத்தம்.
இரண்டு பேரும்
மூடிய கூரையையே அண்ணாந்து பார்த்தோம்,
வெகுநேரம்.

நாலாம் இரவு திறந்தபோது
கிழக்குப் புள்ளி நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
மூன்று இரவுகள் இல்லை. காற்று.

எவாரிஸ்தோ விடுப்பில் கலாமா போயிருந்தார்.
சூப்பை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.
அதே பூசணி.
உப்பு அதிகம்.