கறி, கரி

பிள்ளைச்சாவடிக் கரையில் ஐஸ் வாங்கப் போனேன்.
உடைத்த ஐஸ், ஒரு பெட்டி.
"கொஞ்சம் தூக்கி உடும்மா" என்றாள் ஒருத்தி.
கூடையின் மறுவிளிம்பைப் பிடித்தேன்.
தலைக்கு ஏறியதும் போய்விட்டாள்.
விரலில் சங்கரா மீன் வாடை.

காலாப்பட்டில் சிக்கந்தர் கடை ஐந்தரைக்குத் திறக்கும்.
"ஈரல் மட்டும்."
"நெஞ்சுக்கறி?"
"நீங்களே வித்துக்குங்க."
மூன்று வாரமாக இதே பேச்சு,
மூன்று வாரமாக
என் குழாய்களில் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் கேட்டேன்:
இந்தக் கோழியெல்லாம் எப்போ தின்னுச்சு?
"லாரி ஏத்தறதுக்கு முன்னாடியே தீனிய நிறுத்திடுவாங்க.
நாமக்கல்லேருந்து ராத்திரி பூரா பட்டினிதான்.
குடல் காலியா இருந்தாத்தான்
கத்திக்குச் சுத்தம்."

அட.
பட்டினி உடம்பில்
நான் தேடுகிற நொதி வேலை செய்யாது.
அதன் மேல் ஒரு பாஸ்பேட் பூட்டு தொங்கும்.
கொழுப்புக் கட்ட இது நேரமா,
இருப்பதை எரி,
என்று உடம்பே போட்ட பூட்டு.
அதைத் திறக்கச் சோறு வேண்டும்.

"ஒரே ஒரு கோழிக்கு மூணு நாள்
குருணையும் சர்க்கரைத் தண்ணியும் வைப்பீங்களா?
எண்பது ரூபா சேர்த்துத் தரேன்."
"வெட்டப்போறதுக்கு விருந்தா?"
சிரித்துக்கொண்டே
ஒரு காலில் நீல நூல் கட்டினார்.

நாலாம் நாள் ஈரல் வேறு நிறம்.
வெளிறி, மஞ்சளோடி,
கட்டைவிரல் அழுத்திய இடம் அப்படியே குழிந்து நின்றது.
சிக்கந்தர் எண்பதைத் திருப்பிக் கொடுத்தார்.
"தீனி வச்சது எம்பொண்ணு சமீனா.
இன்னொரு தடவ கேக்காதீங்க."

ஆக, ஒரே ஒரு ஈரல்.

குளிரறையில் பல் கிட்டிக்க அரைத்து,
வடித்து, சுழற்றி,
எஞ்சிய சிவந்த நீரில்
கதிர் உமிழும் கரியைச் சொட்டினேன்,
சோடா உப்பாக.
நொதிக்கு பயோட்டின் என்று நீண்ட கை ஒன்று உண்டு.
இந்தப் பக்கம் கரியை எடுக்கும்,
அப்படியே திரும்பி
அந்தப் பக்கம் அசிட்டைலின் மேல் வைக்கும்.
இரண்டு, மூன்றாகும். மலோனைல்.
அவ்வளவுதான் அதன் வேலை.
ஆனால் இது நடக்காமல்
ஈரல் ஒரு துளிக் கொழுப்பைக்கூடப் புதிதாய்ச் செய்ய முடியாது.

ஒரு குழாயைப் பாதியில் நிறுத்தினேன்.
இன்னொன்றைக் கொழுப்பாகும்வரை விட்டேன்.

ராத்திரி பதினொன்று. எண்ணிக் கருவி.
பாதிக் குழாய்: ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
கத்தியிருப்பேன், காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார்.
கொழுப்புக் குழாய்: இருபத்தொன்பது.
ஒன்றுமில்லாத குழாய்க்கே
இருபத்தெட்டு வரும்.

பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்:
ஏறிய கரி, அடுத்த கண்ணி கோக்கும்போது
கழன்று காற்றாகப் போகும்.
அது போகிற வேகத்தில்தான்
சங்கிலியில் இரண்டு கூடும்.
இருந்தும்
அந்த இருபத்தொன்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினாறு கரி நீளக் கொழுப்பு.
ஏழு முறை தூக்கிவிட்டிருக்கிறது.
ஒன்றுகூட உள்ளே இல்லை.

விரலை முகர்ந்தேன்.
வெறும் ஈதர் நெடி.

உதவித்தொகை வந்து இரண்டு மாதமாகிறது.
மத்தியானம் ஒரு பன், ஒரு டீ.
என் ஈரலிலும் இந்நேரம்
பூட்டுகள் வரிசையாய் விழுந்திருக்கும்.

திங்களன்று கணக்குப் பிரிவிலிருந்து பில் திரும்பி வந்தது.
சிக்கந்தர் கையெழுத்தில்
'கோழிக் கரி, 240.'
அமலோற்பவம் மேடம் சிவப்பு மையில்
ரகரத்தை அடித்து றகரம் போட்டு,
கீழே எழுதியிருந்தார்:
'கறி ஆய்வுச் செலவில் சேராது.'

மேடம்,
அந்தப் பிழையை அப்படியே விட்டிருக்கலாம்.