குளியல் தொட்டியில் கியர் பெட்டி

அடித் திருகைக் கழற்றியதும்
ஆயில் வரவில்லை, பால் காபி வந்தது.
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அது நிரம்புவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
திருகின் காந்த முனையில்
இரும்புத்தூள் பூனைரோமம்போல் சிலிர்த்து நின்றது.

சைமா ஏரி உள்ளே வந்துவிட்டது.
அவ்வளவு பெரிய ஏரி.
நுழைய அதற்கு
ஒரு மயிரிழை போதுமாயிருந்தது.

இன்றிரவு மைனஸ் ஆறு என்கிறது வானொலி.
உள்ளே தங்கிய நீர் உறைந்தால் அலுமினியம் பிளக்கும்.
ஆகவே அக்டோபரின் இந்தச் செவ்வாய்க்கிழமை,
பேருந்து ஓட்டிவிட்டு வந்த அதே சட்டையோடு
கராஜ் தரையில் மண்டியிட்டிருக்கிறேன்.

மோட்டார் எனக்குப் பாதி, வெய்க்கோவுக்குப் பாதி.
ஒற்றைப்படை வாரம் அவன், இரட்டைப்படை நான்.
ஜூலையில் கேட்டேன்: எதிலாவது சிக்கினாயா?
இல்லை என்றான்.
அந்த இல்லையை நான் நம்பவில்லை.
அதற்குப் பிறகு எங்கள் பேச்சு
சாவியைக் கொக்கியில் மாட்டும் சத்தம்தான்.

விசிறியை உருவினேன். வாஷரை எடுத்தேன்.
தண்டைச் சுற்றி
ஆரஞ்சு நிறத் தங்கூசி.
இந்தக் கரையில் வேறு யாரும்
அந்த நிறத்தில் மீன் பிடிப்பதில்லை.
கையும் களவுமாய் அகப்பட்டான் என்று
கத்தி எடுத்து, ருசித்து ருசித்து அறுத்தேன்.
ஒரு சுற்று, ஒன்பது சுற்று,
சூட்டில் உருகிப் பிசினாய் இறுகியது கொஞ்சம்.
அதற்கும் அடியில்,
சீலின் உதட்டிலேயே பல் பதித்து,
பச்சை.

பச்சை என்னுடையது.

எழுந்துபோய்க் காபி போட்டேன்.
பால் ஊற்றாமல் குடித்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று
சும்மாவா சொன்னார்கள்.
ஆனால் அடுத்த வேலைக்கு நான்கு கைகள் வேண்டும்:
உப்பு பூத்த மூடியை ஒருவர் சுட,
ஒருவர் இழுக்க.
போன் செய்தேன்.
சவுனாவிலிருந்து நேராக வந்தான்,
ஈரத் தலையும் ரப்பர் செருப்புமாய்.
செய்தித்தாளில் இரண்டையும் பரப்பி வைத்திருந்தேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"பச்சைதான் அடியில்" என்றான்.
"ம்" என்றேன்.
"சூடாக்கு" என்றான்.

பழைய சீல்கள் இரண்டு, முதுகோடு முதுகாய்.
ஏரியை வெளியே நிறுத்துவது ஒன்றின் வேலை,
ஆயிலை உள்ளே நிறுத்துவது மற்றதன் வேலை.
ஒரே துளையில் பதினான்கு வருடம்
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
புதியவை புமாலா கடையில் முப்பத்தோரு யூரோ.
ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டேன்,
பாதிக் காசை அவனிடம் கறாராய்க் கேட்பதற்காக.

சாக்கெட் ஒன்றைத் தலைகீழாய் வைத்துத்
தட்டித் தட்டி இறக்கினான்,
ஒரு பக்கம் ஓங்காமல்.
நான் கிரீஸ் பூசினேன், உதட்டுக்கு மட்டும்.

சோதிக்கக் குளியல் தொட்டி.
மேல் துளையில் சைக்கிள் பம்ப்,
அளவுமானியில் பத்து.
இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தோம்,
முழங்கால் இடிக்க,
டெலிவிஷன் பார்ப்பவர்கள் மாதிரி.
விசிறித் தண்டில் ஒன்றுமில்லை.
இரண்டு நிமிடம். மூன்று.
அப்புறம் மேலே, கியர் மாற்றும் தண்டின் ஓரம்,
கடுகளவு ஒரு குமிழி கிளம்பி
யோசித்து
உடைந்தது.

"அது யாருடைய பாதி?" என்றான்.
சிரித்தோமா என்று நினைவில்லை.
நான் இன்னொரு முறை பம்பை அழுத்தினேன்.
இன்னொரு குமிழி.

அந்த ரப்பர் வளையம் வெள்ளிக்கிழமைதான் வரும்.
அதுவரை இது இங்கேயே கிடக்கட்டும்,
வீட்டுக்குள் உறையாது, நான் குளிக்காமல் இருந்துகொள்கிறேன்.
தொட்டி நீரை வடித்துவிட்டு வந்தபோது
அவன் போயிருந்தான்.
மேசைமேல் பதினைந்தரை யூரோ.
பச்சைக்கென்று அதில்
எதையும் கழித்துக்கொள்ளவில்லை.
எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறை.