ஹை பீம்

சாதஹள்ளி டோலுக்கு முன்னால்
புங்க மரத்தடியில்
வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை,
ஒருபக்கம் மடித்த தொப்பி.
மூன்று காலில் நின்று
வண்டிகளை எண்ணும் கேமரா.

எதிர்ச்சாரியில் வருகிறவனுக்கு
இரண்டு தடவை லைட் அடிப்பேன்.
பேர் தெரியாது,
என்ன பாஷை என்றும் தெரியாது.
அடித்தால் புரியும்.
பிரேக் மிதிப்பான், வண்டியின் மூக்கு தாழும்.
நன்றிக்கு ஒரு தடவை சிமிட்டிப் போவான்.
பதினோரு வருஷமாக இந்த பெங்களூரில்
மீட்டர் போடாமல் நான் செய்த ஒரே காரியம்.

பின்சீட்டுக்குத் தனிச் சட்டம்.
"ஃபிளைட்டுக்கு நாற்பது நிமிஷம்தான், கொஞ்சம் அழுத்துங்க" என்பார்.
அழுத்திப் பிடிபட்டால்
ஃபோனுக்குள் புதைந்துகொள்வார்.
"மாசக் கடைசி, இவங்களுக்குக் கோட்டா இருக்கும்" என்று
எலஹங்காவிலிருந்து ஹெப்பாள் வரை
போலீஸை அலசிக் காயப்போட்ட ஒரு அம்மா,
பக்கத்தில் பையன் ஒருவன் பைக்கில் சீறிப் போனதும்
"ஒரு போலீஸ்காரன் இருக்கானா பாருங்க!" என்றார்.
அதே மூச்சில்.

நானும் யோக்கியன் இல்லை.
போன மாசி மாதம் மாட்டினேன்.
ஏ.எஸ்.ஐ. ஹொன்னேகௌடா
திரையை என் பக்கம் திருப்பினார்:
தொண்ணூற்று இரண்டு.
ஆயிரம் என்றார். எனக்கு அது ஒன்றரை நாள்.
"ஸ்வாமி…" என்று என் ஓட்டைக் கன்னடத்தில் இழுத்தேன்.
கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.
கைக்குட்டை கறுப்பாக வந்தது.
ரசீது கொடுத்தார், அச்சடித்த ரசீது.
அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை.
திட்ட வசதியாக
லஞ்சமாவது கேட்டிருக்கலாம்.

ஜூலையில் ஒரு ராத்திரி
கை காட்டி நிறுத்தப் போனவர்மேல்
ஏற்றிவிட்டுப் போனது ஒரு வண்டி.
கேமரா கவிழ்ந்து
ஆகாயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததாம்.

ஏர்போர்ட் ஸ்டாண்டில் டீ வாங்கும் வரிசையில்
"ரோட்டுக்கு நடுவுல யார் வரச் சொன்னா?" என்றான் ஒருவன்.
"வாங்கினதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்" என்றான் இன்னொருவன்.
"பாவம்ப்பா" என்றவன்
டீயை ஊதிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.
என் டேஷ்போர்டில் அந்த ரசீது இருந்தது.
எடுத்துக் காட்டவில்லை.

தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள்.
இனி ஸ்டேஷனில் உட்கார்ந்து
பழைய சலான் கட்டுகளைத் தைக்கிற வேலையாம்.

அந்த ராத்திரி நான் மைசூர் டிரிப்பில் இருந்தேன்.
அந்தப் பக்கம் போயிருந்தால்
லைட் அடித்திருப்பேன்.
அவன் குறைத்திருப்பான்.
இல்லை, லைட் அடித்ததைப் பார்த்துத்தான்
இன்னும் அழுத்தியிருப்பானோ?
இதை யாரிடம் கேட்பது.

புங்க மரத்தடியில் இப்போது
முக்காலி நின்ற மூன்று குழிகள்,
மூன்றிலும் மழைத் தண்ணீர்.
நான் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
நூறில் வருகிறவர்கள் எண்பதாகிறார்கள்,
எழுபதாகிறார்கள்,
மூக்கைத் தாழ்த்தி
ஆளில்லாத மரத்தைக் கடக்கிறார்கள்.

முனிராஜு நேற்று ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான்.
"நாலு நாளா எனக்கு லைட் அடிக்கறே.
ஒருத்தனும் இல்லியே அங்க.
கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"இருந்தாரே" என்றேன்.

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிச் சிரித்தான்.
அதற்குள் என் சவாரி வந்துவிட்டது.
பெட்டியை ஏற்றினேன். ஓடிபி சொன்னார்.
சாதஹள்ளி நெருங்கியதும்
ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி
"இங்க போலீஸ் யாரும் இல்லியே,
கொஞ்சம் அழுத்தலாமே" என்றார்.