இடது ஓரத்துக் கை

வேலந்தாவளம் எடைமேடையில் எனக்கு வேலை.
ரசீதுக்கும் ரசீதுக்கும் நடுவே
வாரம் ஒரு படம்.
ஞாயிறு சாயங்காலம்
கொழிஞ்சாம்பாறை ரோட்டில் ரம்லத்தின் மருந்துக்கடை.
அவள் படம் என் கையில், என் படம் அவள் கையில்.

'நல்லாருக்கு' சொல்லக் கூடாது, அவள் போட்ட சட்டம்.
'கண்ணு எங்க நின்னுச்சு, அதைச் சொல்லு.'

ஏழாவது வாரம் என் லாரிகளைப் பார்த்து:
'எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்குது.
கேக்கப் பயமா?'
இரண்டு நாள் கோபம்.
மூன்றாம் நாள் ஒரு டிரைவரிடம் கேட்டேன்.
முகம் கலங்கி விழுந்தது.
'ஃபோகஸ் இல்ல,' என்றாள். 'ஆனா கிட்டப் போயிருக்கே.'

அவளுடைய பத்தொன்பதாவது:
தக்காளிக் கூடைகள்,
கணவாய்க் காற்றில் உப்பிய தார்ப்பாய்,
இடது ஓரத்தில்
முழங்கையோடு நின்றுபோன ஒரு கை.
'அதை வெட்டிடு,' என்றேன், ரொம்பத் தெரிந்தவன்போல.
வெட்டினாள்.
கழுவிவிட்ட தரைபோல் இருந்தது படம்.

அப்புறம் எந்தக் கூடையைப் பார்த்தாலும்
அந்தக் கை எதற்கு நீண்டது என்றே
ரசீதைத் தப்பாகக் கிழிக்கிறேன்.

கடைசி ஞாயிறு சொல்லிவிட்டேன்:
'அன்னிக்கு நான் சொன்னது தப்பு.'
யாருக்கோ
மாத்திரை அட்டையைப் பாதியாய்க் கத்தரித்தபடி
நிமிராமலே சொன்னாள்:
'முழுசு எங்கிட்டதான் இருக்கு.
நீ கேக்கவே இல்லியே.'